செம்மண்ணும் பச்சையும்: எதிர் நிறங்களைப் பழகுவதற்கு ஒரு வழி

யாழ்ப்பாணத்தில் ஏழாலை, குப்பிழான் பக்கம் சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும், செம்மண் தோட்டத்தில் நிற்கிற வெங்காயப் பச்சை வேறு எந்த இடத்துப் பச்சை மாதிரியும் இருக்காது. எட்ட வரும்போதே கண்ணைப் பிடித்து இழுக்கும். அதே வெங்காயத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து வீட்டுச் சீமெந்து நிலத்தில் போட்டால் சாதாரணப் பச்சைதான். எனக்குச் சித்திரப் பைத்தியம் பிடித்த முதல் வருடம் இந்தத் தோட்டங்களைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தேன், திரும்பத் திரும்பக் கெடுத்தேன். நிழல் என்று வந்த இடமெல்லாம் கறுப்பைக் கலந்தேன், செம்மண் கரி பூசின மாதிரி வந்து நின்றது. அதைப் பார்த்த சித்திர ரீச்சர் ஒருவர், "கறுப்பு ரியூப்பை ஒரு மாசத்துக்கு ஒளிச்சு வையும். சிவப்புக்குள்ள ஒரு துளி பச்சையை விட்டுப் பாரும்" என்றார். சிவப்புக்குள் பச்சையா, இவவுக்கு என்ன பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேதான் விட்டேன். நிழல் விழுந்த மண், நிழல் விழுந்த மண்ணாகவே வந்தது.

தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று தூக்கிவிட்ட அதே சிவப்பும் பச்சையும், தட்டில் கலந்தபோது ஒன்றையொன்று அடக்கிவிட்டன. ஒரே சோடி, இரண்டு நேரெதிரான வேலை. பாடப் புத்தகம் இவற்றை நிரப்பு நிறங்கள் என்று சொல்லும், நான் பெரும்பாலும் எதிர் நிறம் என்றே சொல்வேன், இரண்டும் ஒன்றுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கே குழம்புவதற்குக் காரணம் உண்டு: சித்திரப் பாடத்தில் சிவப்புக்கு எதிர் பச்சை என்பார்கள், பௌதிகப் பாடத்தில் சிவப்புக்கு எதிர் சியான் என்பார்கள், மஞ்சளுக்கு ஓரிடத்தில் ஊதா, இன்னோரிடத்தில் நீலம். இரண்டையும் மனப்பாடம் செய்யப் போனால் ஒன்றும் மிஞ்சாது. அதனால் இந்தக் கட்டுரையில் பட்டியல் கடைசிக்கு வரும், முதலில் உங்கள் கண்ணை வைத்தே கண்டுபிடிப்போம்.

தேவையானவை: 12 கலர் பென்சில் பெட்டி அல்லது போஸ்டர் கலர், வெள்ளைத் தாள், ஒரு போன், ஒரு எண்ணெய் விளக்கு அல்லது மெழுகுதிரி. ரியூப் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம், ஐந்தாம் படி வரை செலவில்லை.

1. கண்ணைக் களைக்க வையுங்கள்

வெள்ளைத் தாளில் தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து ஒரு வட்டம் போட்டு, அதை நல்ல சிவப்பால் அழுத்தி நிரப்புங்கள். நடுவில் கறுப்பாய் ஒரு புள்ளி. வெளிச்சமான இடத்தில் வைத்து அந்தப் புள்ளியை 30 வினாடி அசையாமல் பாருங்கள், கண் கூசினாலும் வட்டத்தை விட்டு விலகாதீர்கள். பிறகு டக்கென்று பக்கத்தில் இருக்கிற வெறும் வெள்ளைத் தாளைப் பாருங்கள்.

அங்கே ஒரு வட்டம் மிதக்கும். பெரும்பாலானவர்கள் இலைப் பச்சையை எதிர்பார்ப்பார்கள். வருவது அது இல்லை, பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம், காரைநகர் கசூரினாவில் முழங்கால் அளவு தண்ணீர் மத்தியானத்தில் தெரிகிற நிறத்துக்குக் கிட்ட. இதற்குப் பெயர் சியான்.

ஏன் வருகிறது? நம் விழித்திரையில் நிறம் பார்ப்பதற்கு மூன்று வகைக் கூம்புக் கலங்கள் இருக்கின்றன, நீள அலைக்கு ஒன்று, நடுத்தர அலைக்கு ஒன்று, குறுகிய அலைக்கு ஒன்று. சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் நீள அலைக்காரர் களைத்துப் போவார். வெள்ளைத் தாளில் இருந்து எல்லா நிற ஒளியும்தான் வருகிறது, ஆனால் களைத்தவர் தன் பங்கைக் குறைத்துச் சொல்ல, மற்ற இருவருடைய பங்கு மேலோங்குகிறது. ஆக எதிர் நிறம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது: வெள்ளையில் இருந்து ஒரு நிறத்தைக் கழித்தால் மிஞ்சுவது.

மஞ்சள் வட்டம் போட்டுப் பாருங்கள், நீலம் வரும். பச்சைக்கு மஜந்தா, அதாவது நம் போகன்வில்லாப் பூவின் நிறம். நாள் பூராக இரத்தச் சிவப்பைப் பார்க்கிற சத்திரசிகிச்சை நிபுணருக்கு வெள்ளைத் துணியில் இந்தப் பச்சைநீலப் பேய்கள் மிதந்து தொந்தரவு செய்யும். சத்திரசிகிச்சைக் கூடத்து உடுப்பும் துணியும் பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு, அந்த நிறத்துக்குள் அந்தப் பேய் கரைந்துவிடும்.

சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னொன்று. நல்லூர்க் கோயில் மதிலின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளைத் தலைகீழாக வரையுங்கள்: சிவப்பு வரவேண்டிய இடத்தில் சியான், வெள்ளை வரவேண்டிய இடத்தில் கறுப்பு. அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மதில் சுவரில் வரும். சிவப்பு கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும், ஆனாலும் பிள்ளைகள் கத்துகிற கத்தலுக்கு அது போதும்.

2. விளக்கை ஏற்றுங்கள்

இரவில் அறையை இருட்டாக்கி, மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, ஒரு பக்கம் எண்ணெய் விளக்கு, மறுபக்கம் போன் ரோச். நடுவில் ஒரு பென்சிலை நிமிர்த்தி வைத்தால் இரண்டு நிழல் விழும். போன் ரோச்சின் வெளிச்சம் விளக்கை அடித்துவிடும், ஆகவே போனைத் தள்ளிப் பிடியுங்கள், அல்லது அதன் மேல் ரிசுத் தாளை இரண்டு மூன்று மடிப்பாக மூடுங்கள். இரண்டு நிழலும் ஏறக்குறைய ஒரே கருமைக்கு வரும் வரை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்துங்கள். பொறுமை வேண்டும், முதல் தடவை எனக்குக் கால் மணித்தியாலம் போனது.

சரியாக அமைந்தவுடன் பாருங்கள், ஒரு நிழல் செம்மஞ்சள், மற்றது நீலம். சாம்பல் நிறத்தில் ஒன்றுமே இல்லை. விளக்கின் ஒளியைப் பென்சில் மறைத்த இடத்தில் ரோச் மட்டும் விழுகிறது, அது நீலமாகத் தெரிகிறது. ரோச்சை மறைத்த இடத்தில் விளக்கு மட்டும், அது செம்மஞ்சள். ரோச்சின் ஒளியைத் தனியாகப் பார்த்தால் வெள்ளை என்றுதான் சொல்வோம், பக்கத்தில் செம்மஞ்சள் இருக்கிறபடியால்தான் கண் அதை நீலத்துக்குத் தள்ளுகிறது. நம்பாவிட்டால் ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி, பக்கத்தில் ஒன்றும் தெரியாதபடி, நீல நிழலை மட்டும் பாருங்கள். நிறம் வெளிறும். 1794இல் கவுண்ட் ரம்ஃபோர்ட் என்ற விஞ்ஞானி இந்த நிற நிழல்களை வைத்துச் சோதனை செய்து எழுதியிருக்கிறார், அவரும் குழாய் வழியாகப் பார்த்தவர்தான்.

இதை எழுதும்போது தொண்ணூறுகளின் ஜாம் போத்தல் விளக்கு நினைவுக்கு வருகிறது. கரண்ட் இல்லாத காலம், போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் சித்திரக் கொப்பியில் மஞ்சள் பென்சிலால் நிறம் தீட்டினால் தீட்டின இடமும் தீட்டாத இடமும் ஒரே மாதிரி இருக்கும், விடிய எழும்பிப் பார்த்தால் சூரியன் கோட்டைத் தாண்டி வானம் முழுக்கப் பரவியிருக்கும். பென்சிலில்தான் பிழை என்று அப்போது நினைத்தேன். மஞ்சள் நிறம் தாளில் தெரிவது அது நீல ஒளியை விழுங்குகிறபடியால். விளக்குச் சுடரில் நீலம் மிகக் குறைவு, விழுங்குவதற்கே ஒன்றும் இல்லாவிட்டால் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் இருக்கப்போகிறது?

3. போன் திரையில் ஒரு துளி தண்ணீர்

போனில் ஒரு வெள்ளைப் படத்தைத் திறந்து, ஊசி முனையால் மிகச் சின்னத் தண்ணீர்த் துளி ஒன்றைத் திரையில் வையுங்கள். துளி பூதக் கண்ணாடியாக வேலை செய்யும். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிக் குட்டி விளக்குகள் தெரியும். இப்போது மஞ்சள் படத்துக்கு மாற்றுங்கள். மஞ்சள் விளக்கு என்று ஒன்றும் அங்கே கிடையாது, சிவப்பும் பச்சையும் எரிகின்றன, நீலம் அணைந்திருக்கிறது. மஞ்சள் என்பது நீலம் கழிந்த வெள்ளை. அந்த நீலத்தைத் திருப்பிப் போட்டால் மீண்டும் வெள்ளை.

அதாவது ஒளியில் எதிர் நிறங்கள் இரண்டைச் சேர்த்தால் வெள்ளை வரும். இதற்கான ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. போனைத் திருப்பி, அணைந்திருக்கிற பிளாஷை வடிவாகப் பாருங்கள், மஞ்சளாக ஒரு பொட்டுத் தெரியும். வெள்ளை எல்ஈடி ஒன்றுக்குள் எரிவது நீல ஒளி, அதன் ஒரு பகுதியை அந்த மஞ்சள் பூச்சு வாங்கி மஞ்சளாக வெளிவிடுகிறது, இரண்டும் சேர்ந்து நமக்கு வெள்ளை. இன்று யாழ்ப்பாணத்தில் எரிகிற எல்ஈடி பல்புகளில் அனேகமானவை இந்த ஒரு சோடியை நம்பித்தான் எரிகின்றன. நீல எல்ஈடியை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது, நீலம் கிடைத்ததால்தானே வெள்ளை கிடைத்தது.

4. அப்படியென்றால் ஏன் இரண்டு நிறச் சக்கரம்

நீல ஒளியும் மஞ்சள் ஒளியும் வெள்ளை, ஆனால் நீல மையும் மஞ்சள் மையும் பச்சை. நர்சரிப் பிள்ளைக்கே தெரிந்த விஷயம், ஆனால் பெரியவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான்.

ஒளி சேர்ப்பது என்பது கூட்டல். மை கலப்பது கழித்தல். மையை ஒரு அரிதட்டு என்று நினையுங்கள். மஞ்சள் மை நீல ஒளியைப் பிடித்து வைத்துக்கொண்டு சிவப்பையும் பச்சையையும் விடும். நீல மை சிவப்பைப் பிடித்துக்கொண்டு நீலத்தையும் கொஞ்சம் பச்சையையும் விடும். இரண்டு அரிதட்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் இரண்டிலும் தப்பி வருவது பச்சை மட்டும். அந்தக் "கொஞ்சம் பச்சை" இல்லாமல் நீல மை மிகத் தூய நீலமாக இருந்திருந்தால் எதுவும் தப்பாமல் கருமைதான் வந்திருக்கும். உண்மையான மை எதுவும் அவ்வளவு தூய்மை இல்லை, நல்ல காலம்.

இதனால்தான் பிரிண்டரில் சிவப்பு, பச்சை, நீலம் இருப்பதில்லை. சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு. சியான் சிவப்பை மட்டும் பிடிக்கும் அரிதட்டு, மஜந்தா பச்சையை மட்டும், மஞ்சள் நீலத்தை மட்டும். ஒவ்வொரு மையும் தன் எதிர் நிற ஒளிக்குக் கதவு சாத்துகிறது.

சித்திரப் பாடத்து நிறச் சக்கரம், அதாவது எதிர் நிறங்கள் நேரெதிரே நிற்கும்படி நிறங்களை அடுக்கின வட்டம், வேறு வரலாறு. ஓவியர்கள் தங்கள் கையில் கிடைத்த மைகளை வைத்துச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் முதன்மையாக எடுத்து, எதிரே பச்சை, ஊதா, செம்மஞ்சள் என்று வைத்துக்கொண்டார்கள். கலப்பதற்கு அது நல்ல அண்ணளவு, கண்ணை அளப்பதற்குத் தளர்ந்த அளவுகோல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வானவில்லில் நிறங்கள் வரிசையாகத்தான் நிற்கின்றன, ஒரு முனை சிவப்பு, மறு முனை ஊதா. அதை வளைத்து இரண்டு முனையையும் முடிந்து வட்டமாக்கியவர் நியூட்டன், 1704இல் வெளிவந்த அவருடைய ஒளியியல் நூலில் அந்த வட்டம் இருக்கிறது. பச்சையின் எதிரியான மஜந்தா வானவில்லில் எங்கேயும் கிடையாது, சிவப்பும் நீலமும் சேர்ந்து கண்ணுக்குள் வருகிறபோது மூளை போடுகிற நிறம் அது.

அம்மம்மாவுக்கு இந்தச் சக்கரம் ஒன்றும் தெரியாது, ஆனால் கழித்தல் கணக்கு நன்றாகத் தெரியும். மஞ்சள் ஏறின பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை என்ன செய்வா? நீலம் போடுவா. மஞ்சள் ஏறின துணி நீல ஒளியை விழுங்குகிறது, நீலச் சாயம் மஞ்சள் பக்கத்து ஒளியை விழுங்குகிறது, இரண்டும் சேர எல்லா நிறமும் ஏறக்குறைய சமமாகக் குறைந்து துணி வெள்ளையாய்த் தெரிகிறது. உண்மையில் துணி ஒரு பொடி மங்கித்தான் இருக்கிறது, கண் அதைக் கவனிப்பதில்லை. ஒரு சொட்டுக் கூடினால் நீலச் சட்டையோடு பள்ளிக்கூடம் போக வேண்டும், நான் போயிருக்கிறேன். இப்போது வருகிற சலவைத் தூள்களில் வேறு வழி: அவற்றில் சேர்க்கும் ஒளிரும் பொருள் வெயிலின் புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும். அம்மம்மாவின் நீலம் கழித்தது, தூள் கூட்டுகிறது, மஞ்சளை மறைக்க இரண்டுக்கும் நீலம்தான் தேவைப்பட்டது.

சரி, பட்டியல். மை கலக்கும்போது தொடக்கத்துக்கு: சிவப்பு–பச்சை, நீலம்–செம்மஞ்சள், மஞ்சள்–ஊதா. ஒளி, போன் திரை, படம் எடுத்தல், கண் என்று வரும்போது: சிவப்பு–சியான், பச்சை–மஜந்தா, நீலம்–மஞ்சள். சந்தேகம் வந்தால் முதல் படியின் வட்டத்தைப் போட்டுப் பாருங்கள், கண் பொய் சொல்லாது. (இரண்டாம் படியில் பொய் சொன்னதே என்று கேட்காதீர்கள், அது வேறு விதமான பொய்.)

5. தட்டில் கலந்து பாருங்கள்

இப்போது ரியூப் வாங்கலாம். நீர்வர்ணத்தில் இரண்டே இரண்டு வாங்கச் சொன்னால் அல்ட்ராமரீன் நீலமும் பேர்ன்ற் சியன்னாவும் என்பேன். பேர்ன்ற் சியன்னா பார்க்கக் கபிலம், உண்மையில் அது கருமை ஏறின செம்மஞ்சள், ஆகவே அல்ட்ராமரீனுக்கு எதிரே நேராக நிற்கிறது. அதோடு நம் செம்மண்ணுக்கு மிகக் கிட்டின நிறமும் அதுதான், வேறென்ன வேண்டும்.

தாளில் ஏழு பெட்டி வரிசையாகக் கீறுங்கள். முதல் பெட்டியில் சுத்தப் பேர்ன்ற் சியன்னா, கடைசியில் சுத்த அல்ட்ராமரீன். இடையில் ஐந்து பெட்டிக்கும் ஒரு பக்கத்தில் இருந்து மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இரண்டாவது பெட்டியில் செம்மண் சற்று அடங்கும், மூன்றாவதில் மர நிழலில் கிடக்கும் மண், நடுவில் எங்கோ ஓரிடத்தில் சாம்பல், பிறகு மழை இருட்டின வானம், பிறகு நீலம். கார்த்திகை மாரி வானத்துக்கு நான் இந்த ஐந்தாம் பெட்டியைத்தான் எடுக்கிறேன். தண்ணீரைக் குறைத்து இரண்டையும் கெட்டியாகக் கலந்தால் கறுப்பு என்றே சொல்லக்கூடிய இருட்டு வரும், ரியூப் கறுப்பைப்போல் செத்துக் கிடக்காது, ஒரு பக்கம் சூடாகவோ குளிராகவோ சாய்ந்திருக்கும்.

சிவப்பையும் பச்சையையும் கலக்கிறவர்கள் "சாம்பல் வரவில்லை, கபிலம்தான் வருகிறது" என்று முறைப்பாடு சொல்வார்கள். பச்சையைப் பாருங்கள். பெட்டியில் இருப்பது இலைப் பச்சை, அதற்குள் நிறைய மஞ்சள் இருக்கிறது. சிவப்பின் உண்மையான எதிரி நீலம் ஏறின பச்சை என்று கண் முதல் படியிலேயே சொல்லிவிட்டதே. விரிடியன் மாதிரி நீலப் பக்கம் சாய்ந்த பச்சையை எடுத்து, கிரிம்சன் மாதிரிக் கருஞ்சிவப்போடு கலந்து பாருங்கள், கிட்டத்தட்டக் கறுப்புக்கே போகும். அதற்காக இலைப் பச்சையைத் தூக்கி எறிய வேண்டாம், பனை மரத்து அடிக்கும் காய்ந்த ஓலைக்கும் அந்தக் கபிலம்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, தேலோ என்று பெயர் தொடங்கும் நீலமும் பச்சையும் பயங்கரமானவை. கடுகளவு போதும். நான் ஒரு தடவை ஒரு பிரஷ் நிறைய விட்டு, அதைச் சமப்படுத்தச் சிவப்பை ஊற்றி ஊற்றி ஒரு ரியூப்பையே முடித்தேன்.

இலைகளின் நிழலுக்கும் இதே முறை. பச்சையை இருட்டாக்கக் கறுப்பு வேண்டாம், கொஞ்சம் சிவப்பு. பழுத்த வாழையிலையின் மஞ்சளை அடக்கக் கொஞ்சம் ஊதா, அளவோடு, கூடினால் சேறு.

6. பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

இனி மறுபக்கம், கலக்காமல் வைப்பது. இதை அறிவியலாக எழுதியவர் செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கொபெலின் நெசவுக் கூடத்தில் 1824 முதல் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். நெசவாளர்கள் கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சோர்ந்து தெரிகிறது என்று முறையிட்டார்கள். வேறு இடத்துக் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார், சாயத்தில் பிழை இல்லை. பக்கத்தில் இருக்கிற நிறம்தான் கறுப்பைத் தன் எதிர்ப் பக்கத்துக்குத் தள்ளுகிறது என்று கண்டு, 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். அவர் 1786இல் பிறந்து 1889இல் இறந்தவர், 102 வயது, நிறங்களோடு சண்டை பிடித்தால் ஆயுள் கூடுமோ என்னவோ.

நீங்கள் செய்ய வேண்டியது இலேசு. ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றைச் சிவப்பு அட்டைக்கு நடுவிலும் மற்றதைப் பச்சை அட்டைக்கு நடுவிலும் வையுங்கள். சிவப்பில் வைத்தது பச்சை பிடித்த சாம்பலாகவும், பச்சையில் வைத்தது சிவந்த சாம்பலாகவும் தெரியும். ஒவ்வொரு நிறமும் தன் அயலுக்குத் தன் எதிரியைப் பூசுகிறது. அப்படியானால் அயலில் ஏற்கெனவே எதிர் நிறமே இருந்தால்? அது இரட்டிப்பாகும். ஏழாலை வெங்காயம் மினுங்கியதன் இரகசியம் இதுதான்.

தெரிந்த பிறகு ஊரெங்கும் இதுவாகவே இருக்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் தக்காளியைக் கீரைக்குப் பக்கத்தில் குவித்த கடையைப் பாருங்கள், தக்காளி இன்னும் பழுத்த மாதிரி இருக்கும். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டி ஒரு துண்டை மஞ்சள் தட்டிலும் ஒரு துண்டை நீலத் தட்டிலும் வையுங்கள், எதை முதலில் எடுப்பீர்கள் என்று பாருங்கள். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகில் ஏறும்போது தருகிற உயிர்காப்பு அங்கி செம்மஞ்சள், நீலக் கடலில் எட்டத் தெரிவதற்கு அதைவிட நல்ல நிறம் கிடையாது. தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் விடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: நீல வானத்தில் நீலப் பட்டம் எவ்வளவு வடிவாகக் கட்டினாலும் கரைந்துவிடும், செம்மஞ்சளும் மஞ்சளும்தான் நிற்கும்.

அளவு முக்கியம். இரண்டு எதிர் நிறத்தையும் பாதிக்குப் பாதி வைத்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். ஒன்று நிலமாகப் பரந்திருக்க, மற்றது கொஞ்சமாக வரட்டும். பட்டுச் சீலை நெய்கிறவர்கள் இதில் கெட்டிக்காரர்கள், அரக்குச் சிவப்பு உடல், கிளிப்பச்சைக் கரை, கரை சிறிது என்றாலும் சீலையையே அதுதான் தூக்கும். ஆனால் அதே சிவப்பு நூலையும் பச்சை நூலையும் நெடுக்கும் குறுக்குமாக ஓட்டினால் கிட்டப் பார்க்க இரண்டு நிறம், எட்டப் பார்க்க ஒரு மங்கல் வெண்கல நிறம். நூல்கள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத தூரத்தில் அவை கலந்தவையாகவே ஆகிவிடுகின்றன. செவ்ரோலின் நெசவாளர்களும் இதில் அடிபட்டவர்கள்தான். ஆக, எவ்வளவு தூரத்தில் இருந்து பார்ப்பார்கள் என்பதை முதலே யோசியுங்கள்.

கடைப் பெயர்ப் பலகைக்காரர்களுக்கு: பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து வேண்டாம். இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்தால் எழுத்தின் ஓரம் நடுங்கும், வாசிக்க ஏலாது, அதோடு சிவப்பு பச்சை பிரித்தறியக் கஷ்டப்படும் ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள், அவர்களுக்குப் பலகை வெறுமையாகவே தெரியலாம். சோதிப்பது இலேசு, போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள், எழுத்து காணாமல் போனால் பிழை. ஒரு நிறத்தை நன்றாக வெளிற வையுங்கள், அல்லது எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓட்டுங்கள்.

7. படம் எடுப்பவர்களுக்குச் சுருக்கமாக

படம் திருத்தும் செயலி எதைத் திறந்தாலும் இரண்டு இழுபட்டை இருக்கும், ஒன்று நீலத்தில் இருந்து மஞ்சளுக்கு, மற்றது பச்சையில் இருந்து மஜந்தாவுக்கு. அவை நம் எதிர்ச் சோடிகளே. நல்லூர்த் திருவிழா இரவில் மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த படத்தில் வெள்ளை வேட்டி மஞ்சளாக வந்தால் நீலப் பக்கம் இழுங்கள், அம்மம்மாவின் அதே வேலை. பழைய ரியூப் லைற்றின் கீழ் முகங்கள் பச்சை பிடித்தால் மஜந்தாப் பக்கம். முழுவதும் சரிக்கட்டிவிடாதீர்கள், கச்சான் கடை வெளிச்சத்தின் மஞ்சளை முற்றாகத் துடைத்துவிட்டால் அது கச்சான் கடையாகவே இருக்காது.

இன்னொரு வசதி, போனின் அமைப்புகளில் நிறங்களைத் தலைகீழாக்கும் தெரிவு ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு உங்கள் படங்களைப் பாருங்கள், ஒவ்வொரு நிறமும் தன் எதிரியாக மாறி நிற்கும். வெளிச்சமும் இருட்டும்கூடத் தலைகீழாகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இதெல்லாம் முடிந்தபின் ஒரு பின்னேரம், மழை இல்லாத நாளாகப் பார்த்து, தட்டையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலத்துக்குப் போங்கள். சூரியன் கீழே இறங்க இறங்க அதன் ஒளி காற்றுக்குள் நெடுந்தூரம் வரவேண்டும், வழியில் நீலம் சிதறிப்போய்ச் செம்மஞ்சள் மிஞ்சுகிறது. சிதறிப்போன நீலம்தான் நாள் பூராக வானமாக இருந்தது. எனவே மேற்கைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், திரும்பி வெள்ளை மைல் கல்லின் நிழலைப் பாருங்கள், நிழல் நீலமாக இருக்கும், இரண்டாம் படியில் மேசையில் பார்த்த அதே நிழல். அல்ட்ராமரீனும் பேர்ன்ற் சியன்னாவும் மட்டும் போதும், மஞ்சள் ஒரு துளி இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவுவதற்கு முன் ஒரு விஷயம். மூலையில் எல்லாம் கலந்து மிஞ்சின சாம்பல் கிடக்கும், அதைக் கழுவி ஊற்றிவிடாமல் ஒரு சின்ன மூடி போத்தலில் வழித்து வையுங்கள். நெடுந்தீவுக்குப் போய் அந்தப் பவளக்கல் வேலிகளை வரையும்போது அதே சாம்பலைப் புதிதாகக் கலந்து எடுக்க அரை நாள் போகும், எனக்குப் போனது.